ஏ.எஃப்.: ஒழுங்கு தவறிய நாடியும் வளரும் நாடுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஏ.எஃப். என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள், என்ன அது?" என்று கேட்டு வரும் நோயாளிகள், அவர்களைக் கூட்டிவரும் பிள்ளைகள், கவனிக்கும் செவிலியர்கள், கிராம சுகாதார ஊழியர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். இணையத்தில் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் எழுபது வயது ஐரோப்பிய, அமெரிக்க நோயாளியை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இந்த நோய்க்கு வேறு முகம் இருக்கிறது. மருந்து அளவுகளைப் புரிந்துகொள்வதற்காகத்தான் தந்திருக்கிறோம். உங்கள் அளவை மாற்றுவதை உங்கள் மருத்துவரே செய்ய வேண்டும்.

1. ஏ.எஃப்.னா என்னங்க? ஹார்ட் அட்டாக்கா?

இல்லை. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. ஏ.எஃப்., அதாவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், மின்னோட்டக் கோளாறு. இதயத்தின் மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறாக மின்தூண்டல்கள் கிளம்பும். மேலறைச் சுவர் ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா அதிர்ந்துகொண்டிருக்கும். அவற்றில் சில மட்டும் கீழறைக்கு இறங்குவதால் நாடி தாளம் தப்பி, பெரும்பாலும் வேகமாக ஓடும்.

சிலருக்குப் படபடப்பு, மாடி ஏறினால் மூச்சு வாங்குதல், அசதி, தலைசுற்றல் இருக்கும். பலருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்கு வந்துவந்து போகும், சிலருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடும்.

2. துடிப்பு கொஞ்சம் தாறுமாறா இருந்தா என்ன ஆயிடப் போகுது?

மேலறை சுருங்காததால் ரத்தம் அங்கே தேங்குகிறது. குறிப்பாக இடது மேலறையின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பை போன்ற பகுதியில் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு கிளம்பினால் நேரே மூளைக்குப் போகும். அதுதான் பக்கவாதம். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஆய்வில், வால்வு நோய் இல்லாத ஏ.எஃப். நோயாளிகளுக்குப் பக்கவாத வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 5 மடங்கு இருந்தது. ருமாட்டிக் வால்வு நோயோடு (5-ம் கேள்வி) சேர்ந்த ஏ.எஃப். என்றால் சுமார் 17 மடங்கு. இந்த இரண்டு எண்களையும் மறக்க வேண்டாம். கீழே வரும் பாதி பதில்கள் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கின்றன.

ஏ.எஃப்.பில் வரும் பக்கவாதம் பெரும்பாலும் பெரியதாக வரும், மூளையின் பெரிய ரத்தக்குழாயை அடைத்துவிடும். இன்னொரு கேடு, வேகமாகவே பல மாதம் ஓடும் இதயம் தளர்ந்து இதயச் செயலிழப்பில் போய் நிற்பது.

3. எங்க அம்மாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லையே, வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு, கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழுதாக ஒரு நிமிடம் நாடி பாருங்கள். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் இங்கே உதவாது, ஒழுங்கின்மை அதில் நழுவிவிடும். அவ்வப்போது ஒரு துடிப்பு மட்டும் முந்தி வந்து, மற்றபடி சீராக இருந்தால் அது பெரும்பாலும் வேறு விஷயம். எந்த இரண்டு துடிப்புக்கும் இடைவெளி ஒன்றாக இல்லை என்றால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

நாடி சந்தேகத்தை மட்டுமே கிளப்பும், முடிவு சொல்வது ஈ.சி.ஜி.தான். வழக்கமான 12 லீடு ஈ.சி.ஜி., அல்லது குறைந்தது 30 நொடி ஓடும் ஒற்றை லீடு பதிவு தேவை. விரல் வைத்து எடுக்கும் சின்னக் கருவிகள் சுகாதார ஊழியர்களுக்கு நல்ல துணை. பச்சை ஒளியில் நாடி பார்க்கும் கைக்கடிகாரம் "ஒழுங்கில்லை" என்று சொன்னாலும் ஈ.சி.ஜி. எடுத்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். ஏ.எஃப். இருப்பவர்களுக்கு பி.பி. மெஷின் ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டும். அதனால் மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

65 வயதைத் தாண்டியவர் எதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்தாலும் நாடி பார்ப்பது பல நெறிமுறைகளில் பரிந்துரைக்கப்படுகிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி வரும் ஊழியர் கூடவே ஒரு நிமிடம் மணிக்கட்டைப் பிடித்தால் செலவே இல்லை.

4. ஏழை நாடுகள்ல இது கம்மின்னுதானே கணக்கு சொல்லுது?

சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்கை எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். உலக நோய்ச்சுமை ஆய்வு 2010-க்கு உலகம் முழுவதும் 3.35 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது, 2019-க்குச் சுமார் 5.97 கோடி என்றது. (கணக்கிடும் முறையும் இடையில் மாறியதால், இந்த வித்தியாசம் முழுவதும் நோய் பெருகியதைக் காட்டுவதில்லை.) தான்சானியாவின் ஒரு கிராமப்புற மாவட்டத்தில் 70 வயது தாண்டியவர்களைச் சோதித்தபோது 0.7 சதவீதம் பேருக்குத்தான் ஏ.எஃப். இருந்தது. பணக்கார நாடுகளில் அதே வயதில் இதைப்போல் பல மடங்கு.

இதற்கு மூன்று காரணங்கள் சேர்ந்து இருக்கலாம். ஒரே ஒரு ஈ.சி.ஜி. எடுத்தால் வந்துபோகும் வகை சிக்காது. மக்கள்தொகையே இளமையானது. மூன்றாவது காரணம் கசப்பானது. ஏ.எஃப். வந்தவர்கள் சீக்கிரம் இறந்துபோனால் எண்ணும்போது எண்ணிக்கையில் இருக்க மாட்டார்கள். 47 நாடுகளில் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஏ.எஃப்.போடு வந்த சுமார் 15,400 பேரைத் தொடர்ந்த பதிவேடு ஒன்றின் முடிவுகள் 2016-ல் வெளியாயின. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் வட அமெரிக்கா, மேற்கு ஐரோப்பா, ஆஸ்திரேலியாவில் சுமார் 10 சதவீதம், தென் அமெரிக்காவில் 17, ஆப்பிரிக்காவில் 20.

5. முப்பத்தஞ்சு வயசுப் பொண்ணுக்கு ஏ.எஃப்.னு சொல்றாங்க. இது வயசானவங்க நோயாச்சே?

பணக்கார நாட்டில் அப்படித்தான். அங்கே ரத்த அழுத்தம், வயது, உடல் பருமன், மாரடைப்புக்குப் பிந்தைய இதயத் தளர்ச்சி ஆகியவை முக்கியக் காரணங்கள். இங்கே அவற்றோடு இன்னொன்று சேர்கிறது, ருமாட்டிக் இதய நோய். சிறு வயதில் வந்த தொண்டைப்புண் சரியாக மருந்தில்லாமல் ருமாட்டிக் காய்ச்சலாகி, இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வைத் தழும்பாக்கிச் சுருக்கிவிடும். சுருங்கிய வாசலுக்குப் பின்னால் அழுத்தம் ஏறி இடது மேலறை வீங்கும். வீங்கிய மேலறையில் ஏ.எஃப். பிடித்துக்கொள்ளும். முந்தைய பதிலில் சொன்ன அதே பதிவேட்டில் ருமாட்டிக் நோய் இருந்தவர்கள் வட அமெரிக்காவில் 2.2 சதவீதம், ஆப்பிரிக்காவில் 21.5, இந்தியாவில் 31.5. இந்தியா, ஆப்பிரிக்கா, மத்திய கிழக்கு நோயாளிகள் மற்றவர்களைவிடச் சராசரியாகப் பத்து வயதுக்கு மேல் இளையவர்கள்.

12 ஆப்பிரிக்க நாடுகள், இந்தியா, ஏமன் ஆகியவற்றில் ருமாட்டிக் இதய நோயாளிகள் 3,343 பேரைப் பார்த்த ஆய்வு 2015-ல் வந்தது. நடு வயது 28, மூன்றில் இரண்டு பங்கு பெண்கள், ஐந்தில் ஒருவருக்கு மேல் ஏ.எஃப். ஆக, இளம் தாய்மாரின் நோய் இது. லத்தீன் அமெரிக்காவில் சாகஸ் என்ற ஒட்டுண்ணி நோயும், உகாண்டாவிலும் முன்பு கேரளக் கடலோரத்திலும் அதிகம் காணப்பட்ட இதய உட்சுவர் நார்நோயும் இதேபோல் இளம் வயதில் ஏ.எஃப். கொண்டுவருபவை. தைராய்டு மிகையானாலும் வரலாம். ஆகவே டி.எஸ்.எச். பரிசோதனையை விட வேண்டாம்.

6. ஈ.சி.ஜி.யிலயே தெரிஞ்சிருச்சே, எக்கோ எதுக்கு? காசு பிடுங்கவா?

இல்லை. எக்கோ என்பது ஒலியலை வைத்து இதய அறைகளையும் வால்வுகளையும் பார்க்கும் ஸ்கேன். ஒரே பெயரில் இரண்டு நோய் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். மைட்ரல் வால்வு நடுத்தரமாகவோ கடுமையாகவோ சுருங்கியிருந்தால் ஒரு வழி, இல்லையென்றால் வேறு வழி. எந்த மாத்திரை, பக்கவாத ஆபத்துக்கு மதிப்பெண் போட வேண்டுமா (7-ம் கேள்வி), பலூன் வைத்து வால்வை விரிக்க முடியுமா, கர்ப்பம் தரிக்கலாமா, எல்லாம் இதை வைத்துத்தான் முடிவாகும். ஸ்டெதாஸ்கோப்பில் மட்டும் இது நழுவுவது சகஜம், அதுவும் நாடி வேகமாக ஓடும்போது.

செலவைக் குறைக்க வேண்டும் என்றால் வேறு எதையாவது குறைக்கலாம். வளரும் நாட்டில் 60 வயதுக்கு உட்பட்ட ஏ.எஃப். நோயாளிக்கு எக்கோ இல்லாமல் மாத்திரை தொடங்கி வருடக்கணக்கில் ஓட்டுவது, எங்கள் பார்வையில், அதிகம் நடக்கும் தவறு.

7. ஏ.எஃப். இருந்தா எல்லாருக்குமே ரத்தம் உறையாத மாத்திரை வேணுமா?

மைட்ரல் சுருக்கம் இருந்தாலோ உலோக வால்வு வைத்திருந்தாலோ கேள்வியே இல்லை, வேண்டும். மற்றவர்களுக்குச் "சாட்ஸ்-வாஸ்க்" என்ற மதிப்பெண் போடுவார்கள். இதயச் செயலிழப்பு 1, ரத்த அழுத்தம் 1, சர்க்கரை 1, மாரடைப்பு போன்ற ரத்தக்குழாய் நோய் 1, 65 முதல் 74 வயது 1, 75 வயதும் அதற்கு மேலும் 2, முன்பே பக்கவாதமோ சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிட்ட பக்கவாதமோ வந்திருந்தால் 2. பெண்ணுக்கு 1 என்று இருந்ததை ஐரோப்பிய நெறிமுறை 2024-ல் எடுத்துவிட்டது. அந்த 1-ஐ விட்டுக் கணக்கிட்டு 2-ம் அதற்கு மேலும் வந்தால் மாத்திரை தேவை, 1 என்றால் பேசி முடிவெடுக்கலாம்.

5-ம் கேள்வியில் வந்த 35 வயதுப் பெண்ணுக்கு இந்த மதிப்பெண் போட்டால் கிட்டத்தட்ட பூஜ்யம் வரும். "ஆபத்தில்லை" என்று அனுப்பிவிட்டால் அது கொலைக்குச் சமம். மைட்ரல் சுருக்கத்துக்கு இந்த மதிப்பெண் பொருந்தாது.

8. ஆஸ்பிரின் போதாதா? விலையும் கம்மி, டெஸ்ட்டும் வேண்டாம்.

போதாது. வார்ஃபரின் என்ற உறையா மாத்திரை ஏ.எஃப். பக்கவாதத்தைச் சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைக்கிறது, ஆஸ்பிரின் ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் பெரிது. 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வார்ஃபரின் ஒத்துவராது என்று கருதப்பட்ட 5,599 பேரில் ஒரு பகுதிக்கு ஆஸ்பிரினும் மற்றவர்களுக்கு அபிக்ஸபான் என்ற புது உறையா மாத்திரையும் கொடுத்தார்கள். பக்கவாதமும் பிற உறுப்புகளில் கட்டி அடைப்பும் ஆஸ்பிரினில் வருடத்துக்கு 3.7 சதவீதம், அபிக்ஸபானில் 1.6. பெரிய ரத்தக்கசிவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான் (1.2, 1.4). "ஆஸ்பிரின் பத்திரமானது" என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. இருந்தும் சிறு ஊர்களில் ஏ.எஃப். சீட்டுகளில் ஆஸ்பிரின் மட்டும் எழுதியிருப்பதை இன்னும் பார்க்கலாம்.

9. வார்ஃபரின், அசிட்ரோம், புது மாத்திரைன்னு ஆளுக்கு ஒண்ணு எழுதுறாங்களே, எது சரி?

வார்ஃபரினும் அசிட்ரோமும் (அசினோகூமரால்) ஒரே குடும்பம், இரண்டும் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பவை. ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்) பார்த்துத்தான் அளவு வைக்க முடியும். ஏ.எஃப்.புக்கு 2 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். அசிட்ரோம் உடம்பில் சீக்கிரம் கரையும், ஒரு வேளை விட்டாலே ஐ.என்.ஆர். இறங்கும். வார்ஃபரின் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். மில்லிகிராம் கணக்கில் இரண்டும் சமமில்லை. "கடையில் அது இல்லை, இது இருக்கு" என்று மாற்றி வாங்கினால் விபத்துதான்.

டபிகட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான், எடோக்ஸபான் ஆகியவை புது மாத்திரைகள். ஐ.என்.ஆர். தேவையில்லை, மூளைக்குள் ரத்தக்கசிவு குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் காப்புரிமைகள் முடிந்தபின் ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் விலை வெகுவாக இறங்கியிருக்கிறது. மக்கள் மருந்தகங்களிலும் கேட்டுப் பாருங்கள். வால்வு சுருக்கம் இல்லாத ஏ.எஃப்.புக்கு இன்று இவைதான் முதல் தேர்வு. சிறுநீரகக் கணக்குப் போடாமல் தொடங்கக் கூடாது (14-ம் கேள்வி).

10. புது மாத்திரை விலை குறைஞ்சாச்சுன்னா வால்வு நோயாளிக்கும் அதையே கொடுத்துட்டா என்ன? ஐ.என்.ஆர். தொல்லை ஒழியுமே.

எல்லாரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். அதைச் சோதிக்கத்தான் இன்விக்டஸ் ஆய்வு நடந்தது. ஆப்பிரிக்கா, ஆசியா, லத்தீன் அமெரிக்காவின் 24 நாடுகளில் ருமாட்டிக் ஏ.எஃப். நோயாளிகள் சுமார் 4,500 பேர் கலந்துகொண்டார்கள். சராசரி வயது 50, பெரும்பான்மை பெண்கள். முடிவு 2022-ல் வந்தது. ரிவரோக்ஸபான் பிரிவில் இறப்பு 552, வைட்டமின் கே தடுப்பான் பிரிவில் 442. பெரிய ரத்தக்கசிவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

விசித்திரம் என்னவென்றால், இறப்பு வித்தியாசம் பக்கவாதத்தால் அல்ல, திடீர் மரணத்தாலும் இதயச் செயலிழப்பாலும் வந்தது. ஐ.என்.ஆர்.க்காக மாதாமாதம் வந்தவர்களுக்கு மற்ற கவனிப்பும் கிடைத்ததா என்ற விவாதம் உண்டு. காரணம் எதுவானாலும், நடுத்தர அல்லது கடுமையான மைட்ரல் சுருக்கத்துக்கு வார்ஃபரின் வகைதான். உலோக வால்வுக்கும் அப்படியே. 2013-ல் டபிகட்ரானை உலோக வால்வுக்காரர்களிடம் சோதித்தபோது கட்டியும் ரத்தக்கசிவும் இரண்டுமே கூடியதால் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள்.

11. ஒரே டோஸ்தான் சாப்பிடறேன், ஐ.என்.ஆர். ஒரு மாசம் 1.4, அடுத்த மாசம் 4. ஏன்?

முதலில் ரத்தம் எடுத்த விதத்தைச் சந்தேகப்படுங்கள். நீல மூடிக் குழாயில் சிட்ரேட் திரவம் இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற விகிதம் சரியாக இருக்க வேண்டும். குழாயைக் கோடு வரை நிரப்பாமல் விட்டால் சிட்ரேட் மிகுந்து ஐ.என்.ஆர். பொய்யாக ஏறிக் காட்டும். நரம்பு கிடைக்காமல் திணறி எடுத்த ரத்தம் குழாயிலேயே உறையத் தொடங்கினாலும் எண் தவறும். ஆய்வகம் பயன்படுத்தும் வினைப்பொருளின் ஐ.எஸ்.ஐ. எண் (அதன் உணர்திறனைக் காட்டுவது) 1-க்கு அருகில் இருக்க வேண்டும், புதுப் பெட்டி திறக்கும்போது அந்த எண்ணைக் கருவியில் மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் அன்றைய எல்லா நோயாளியின் முடிவும் தப்பு. முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் பாருங்கள்.

அடுத்தது மருந்து. ஆன்டிபயாடிக்கில் கோட்ரைமாக்சசோல், மெட்ரோனிடசோல், பூஞ்சை மருந்து ஃப்ளூகோனசோல் ஆகியவை ஐ.என்.ஆர்.ஐ எகிற வைக்கும். இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் தொடங்கினால் வார்ஃபரின் அளவை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்க வேண்டியிருக்கும். வலிப்பு மருந்துகளான ஃபெனிடாயின், கார்பமசெபின் தொடர்ந்து சாப்பிட்டால் ஐ.என்.ஆர். இறங்கும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் எடுத்தால் ஐ.என்.ஆர். சரியாக இருந்தாலும் வயிற்றில் ரத்தம் கசியலாம். வயிற்றுப்போக்கு, சாப்பிடாமல் கிடப்பது, குடி, இதயச் செயலிழப்பு மோசமாவது, இவையும் எண்ணை ஏற்றும்.

அளவை மாற்றும்போது ஒரு நாள் கணக்கை விட்டு வாரக் கணக்கில் யோசிப்பது நல்லது. வாரத்துக்கு 35 மி.கி. என்றால் அதில் 5 முதல் 20 சதவீதத்துக்குள் கூட்டியோ குறைத்தோ, ஒன்று இரண்டு வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். ஒரே ஒரு தப்பான எண்ணுக்காக அளவைத் தாறுமாறாகத் திருப்பினால் ஊஞ்சல் ஆடத் தொடங்கிவிடும். 4-ம் பதிலில் சொன்ன பதிவேட்டின்படி ஐ.என்.ஆர். சரியான அளவுக்குள் இருந்த நேரம் மேற்கு ஐரோப்பாவில் 62 சதவீதம், இந்தியா, சீனா, தென்கிழக்கு ஆசியா, ஆப்பிரிக்காவில் 32 முதல் 40. இன்விக்டஸ் ஆய்வில் இதே நாட்டு நோயாளிகளுக்கு முறையாகப் பார்த்தபோது அது பாதிக்கு மேல் ஏறியது. கோளாறு முறையில் இருக்கிறது, நோயாளியிடம் அல்ல.

12. கீரையே சாப்பிடக் கூடாதாமே? நாட்டு மருந்து?

சாப்பிடலாம். வார்ஃபரின் சாப்பிடுபவர் முருங்கைக்கீரையோ பொன்னாங்கண்ணியோ வாரத்தில் எவ்வளவு சாப்பிடுகிறாரோ அதே அளவில் தொடர்ந்தால் போதும், மாத்திரை அதற்கேற்ப அமைந்துவிடும். ஒரு மாதம் முழுக்க விட்டுவிட்டு மறு மாதம் தினம் சாப்பிடுவதுதான் தொல்லை. புது மாத்திரைகளுக்குக் கீரைக் கணக்கு கிடையாது. சமையலில் போடும் பூண்டு, மஞ்சளால் பிரச்சினையில்லை, அவற்றின் சாறு அடைத்த மாத்திரைகள் வேறு கதை. சித்த, ஆயுர்வேத மருந்து எடுத்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள், தொடங்கிய ஒரு வாரத்தில் ஐ.என்.ஆர். பாருங்கள்.

13. டி.பி. மாத்திரையும் சேர்த்து சாப்பிடறாரு. பிரச்சினை வருமா?

கட்டாயம் வரும். பணக்கார நாட்டு நெறிமுறைகளில் ஒரு வரியில் முடிந்துவிடும் இந்த விஷயம் நம் நாடுகளில் அன்றாடம். டி.பி. மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு வார்ஃபரினை வேகமாக அழிக்கச் செய்யும். வழக்கமான அளவைப்போல் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரைகூடத் தேவைப்படலாம். புது மாத்திரைகளின் அளவையும் ரத்தத்தில் ஏறக்குறைய பாதியாக்கிவிடும், அவற்றின் அளவைக் கூட்டிச் சரிக்கட்டும் வழி கிடையாது. அதனால் டி.பி. சிகிச்சைக் காலத்தில் வார்ஃபரினும் அடிக்கடி ஐ.என்.ஆர்.உம்தான் வழக்கமான வழி.

பெரிய ஆபத்து ஆறு மாதம் முடிந்து டி.பி. மாத்திரையை நிறுத்தும்போது வரும். ரிஃபாம்பிசினின் விளைவு இரண்டு மூன்று வாரத்தில் மறையும். ஏற்றி வைத்த வார்ஃபரின் அளவு அப்படியே இருந்தால் ஐ.என்.ஆர். எகிறி ரத்தம் கசியும். டி.பி. மருந்து முடியும் தேதியை ஐ.என்.ஆர். அட்டையில் இன்றே எழுதி வையுங்கள். எச்.ஐ.வி. மருந்துகளில் ரிட்டோனாவிர் உள்ளவை இதற்கு நேரெதிராக ரிவரோக்ஸபானின் அளவை ஏற்றும்.

14. பாட்டி 48 கிலோதான். புது மாத்திரை பாதி டோஸ் கொடுத்தா பத்திரம்தானே?

மெலிந்த உடம்பு நிறைந்த நாடுகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது, இரண்டு பக்கமும் தவறுகிறது. 72 வயது, 48 கிலோ, கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளின் ரத்த அளவு) 1.1 என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகச் சீட்டில் 1.1 "நார்மல்". சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடுங்கள்: 140-லிருந்து வயதைக் கழித்தால் 68, அதை 48-ஆல் பெருக்கி, 72 பெருக்கல் 1.1-ஆல் வகுத்து, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 35. நார்மல் என்று நினைத்த சிறுநீரகம் நிமிடத்துக்கு 35 மி.லி.தான் வடிகட்டுகிறது.

இப்போது மருந்துக்கு மருந்து முடிவு மாறும். ரிவரோக்ஸபான் என்றால் 20-க்குப் பதில் 15 மி.கி. ஒரு வேளை. எடோக்ஸபான் 60-க்குப் பதில் 30. அபிக்ஸபானோ முழு அளவு, 5 மி.கி. இரண்டு வேளை. ஏனென்றால் வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியேட்டினின் 1.5 அல்லது மேல் என்ற மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5 ஆக்க வேண்டும். பாட்டிக்கு எடை ஒன்றுதான் பொருந்துகிறது. "சின்ன உடம்பாச்சே" என்று 2.5 எழுதினால் பக்கவாதத்திலிருந்து முழுப் பாதுகாப்பு கிடைக்காது. கணக்கைக் குறைந்தது ஆண்டுக்கு ஒரு முறையும், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் மறுபடி போட வேண்டும்.

ரிவரோக்ஸபானைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் சேரும். டபிகட்ரான் குளிகையை உடைத்துக் கரைத்துக் குடிக்கக் கூடாது, ரத்தத்தில் அளவு ஆபத்தாக ஏறும். ஈரம் பட்டாலும் கெடும் என்பதால் அதன் உறையிலேயே வையுங்கள், வாராந்திர மாத்திரை டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள்.

15. ஒரு வேளை மறந்துட்டா? கையில காசு இல்லாம பத்து நாள் விட்டுட்டா?

வார்ஃபரின் மறந்தால் அன்றைக்குள் நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம், மறுநாள் இரட்டையாக வேண்டாம். புது மாத்திரைக்கு அடுத்த வேளைக்குப் பாதி நேரத்துக்கு மேல் இருந்தால் போட்டுக்கொள்ளலாம். அதாவது தினம் ஒரு வேளை மருந்துக்கு 12 மணி நேரம், இரு வேளை மருந்துக்கு 6.

புது மாத்திரையின் பலவீனம் இங்கேதான். ஒரு நாள் விட்டாலே பாதுகாப்பு போய்விடும். மாதக் கடைசியில் மாத்திரை வாங்க முடியாது என்ற நிலை இருந்தால் அதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் வார்ஃபரினைத் தவறாமல் சாப்பிடுவது, மாதம் இருபது நாள் மட்டும் வாங்கும் விலை உயர்ந்த மாத்திரையைவிட நல்லது.

16. துடிப்பை நார்மல் பண்ண ஷாக் கொடுக்கறாங்களாமே, அப்லேஷனும் இருக்காமே?

இருக்கிறது, தக்கவர்களுக்கு நல்ல பலனும் தருகிறது. (அப்லேஷன் என்பது கோளாறான மின்தூண்டல் கிளம்பும் இடத்தைக் குழாய் வழியாகப் போய்ச் சுட்டு அடக்குவது.) ஆனால் வீங்கிப் போன ருமாட்டிக் மேலறையில் சீரான துடிப்பு நிலைப்பது கடினம், வால்வைச் சரிசெய்வதே முதல் வேலை. பெரும்பாலோருக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தினால் போதும். மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், டில்டியாசெம், டிஜாக்சின் ஆகிய மலிவான மருந்துகள் இதைச் செய்யும். ஓய்வில் நிமிடத்துக்கு 110-க்குக் கீழ் முதல் இலக்கு. டிஜாக்சினோடு அமியோடரோன் சேர்த்தால் டிஜாக்சினைப் பாதியாக்க வேண்டும். வாந்தி, பார்வை மஞ்சளாகத் தெரிவது ஆகியவை டிஜாக்சின் மிகுந்ததன் அறிகுறி.

ஏ.எஃப். தொடங்கி 24 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ (பழைய விதியில் 48) எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டாலோ, மூன்று வாரம் உறையா மாத்திரை தவறாமல் சாப்பிட்ட பிறகுதான் ஷாக். அவசரம் என்றால் உணவுக்குழாய் வழி எக்கோ பார்த்துக் கட்டி இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். ஷாக்குக்குப் பிறகும் குறைந்தது நான்கு வாரம் மாத்திரை தொடரும்.

17. இப்ப எடுத்த ஈ.சி.ஜி. நார்மல். பலூன் போட்டு வால்வையும் விரிச்சாச்சு. மாத்திரையை நிறுத்திடலாமா?

வேண்டாம். நார்மலாகத் தெரிவது அந்தச் சில நொடிகள் மட்டும். மாத்திரை வேண்டுமா என்பதை 7-ம் கேள்வியில் சொன்ன ஆபத்துகள் முடிவுசெய்கின்றன, அன்றைய துடிப்பு அல்ல. பலூன் வால்வை விரித்தாலும் மேலறை சுருங்கி இயல்பாகிவிடுவதில்லை.

18. மூணு வாரத்துக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி போடணும்னு சொல்றாங்க. ரத்தம் உறையாத மாத்திரையோட ஊசி கூடாதுன்னும் சொல்றாங்க. எதைக் கேட்கறது?

இரண்டும் பாதி உண்மை. காய்ச்சல், உடம்புவலிக்கு இடுப்பில் போடும் ஊசிகள் வேண்டாம், தசைக்குள் ரத்தம் கட்டும். ருமாட்டிக் நோய்க்குப் போடும் பென்சாத்தின் பென்சிலின் வேறு. பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு முறை. அது நின்றால் ருமாட்டிக் காய்ச்சல் திரும்பி வந்து வால்வை இன்னும் கெடுக்கும். ஐ.என்.ஆர். வரம்புக்குள் இருந்து, ரத்தக்கசிவு இல்லையென்றால் ஊசியைத் தொடரலாம். போட்ட இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஐ.என்.ஆர். மீறியிருந்தால் அது இறங்கும்வரை தள்ளிப்போடலாம்.

வால்வு மிகக் கடுமையாகச் சுருங்கியவர்கள், இதயம் தளர்ந்தவர்கள் ஊசி போட்டதும் திடீரென்று சரிவதுண்டு. பல நேரம் பென்சிலின் அலர்ஜி என்று பழி விழுந்தாலும், வலியால் ரத்த அழுத்தமும் துடிப்பும் விழுவதுதான் காரணமாக இருக்கலாம். அமெரிக்க இதயச் சங்கம் 2022-ல் இப்படிப்பட்டவர்களுக்கு ஊசிக்குப் பதில் வாய்வழி பென்சிலின் தரலாம் என்று ஆலோசனை தந்தது. மற்றவர்களுக்குப் படுக்க வைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, பிறகு போடுவது நல்லது.

19. கல்யாணம் ஆன பொண்ணு. குழந்தை பெத்துக்கலாமா?

கர்ப்பத்துக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. கடுமையான மைட்ரல் சுருக்கம் இருந்தால் முதலில் பலூன், பிறகு கர்ப்பம். வார்ஃபரின் 6 முதல் 12 வாரக் கருவைப் பாதிக்கும், தினமும் 5 மி.கி.க்கு மேல் தேவைப்பட்டால் ஆபத்து கூடுதல். அந்த வாரங்களில் ஊசியாகப் போடும் உறையா மருந்தான ஹெப்பாரினுக்கு மாற்றலாமா என்பதை வால்வின் நிலை பார்த்து முடிவெடுப்பார்கள். புது மாத்திரைகள் கர்ப்பத்தில் கூடாது. நாள் தள்ளிப்போன வாரமே பரிசோதித்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும், தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

5-ம் கேள்வியில் சொன்ன 14 நாட்டு ஆய்வில் கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் 3.6 சதவீதம் பேர் மட்டுமே கருத்தடை பயன்படுத்தினார்கள். இருதய டாக்டரிடம் இதைப் பேசக் கூச்சமாக இருந்தால் செவிலியரிடம் பேசுங்கள்.

20. பல் பிடுங்கணும். எத்தனை நாள் மாத்திரையை நிறுத்தணும்?

ஒன்றிரண்டு பல் என்றால் பொதுவாக நிறுத்த வேண்டாம். முந்தின நாள் ஐ.என்.ஆர். பார்த்து 3-க்குள் இருந்தால் எடுக்கலாம். பஞ்சை அழுத்திக் கடிப்பது, தையல், ரத்தக்கசிவை அடக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தில் வாய் கொப்பளிப்பது போதும். வலிக்குப் பாராசிட்டமால்.

21. இந்தியாவுல ஏ.எஃப். இருந்தாலும் பக்கவாதம் ரொம்பக் கம்மின்னு ஒரு ஆய்வு சொல்லுதே. அப்ப எதுக்கு இவ்வளவு பயம்?

4-ம் பதிலில் சொன்ன அதே பதிவேட்டில் இந்திய நோயாளிகள் 2,536 பேரில் ஓராண்டில் 20 பேருக்குத்தான் பக்கவாதம் என்று பதிவானது, 1 சதவீதத்துக்கும் கீழ். ஆப்பிரிக்காவில் 8, சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் 7 சதவீதம். எண் உண்மை. ஆனால் ஐ.என்.ஆர். கட்டுப்பாடு இந்த இடங்கள் எல்லாவற்றிலும் ஒரேபோல மோசமாக இருக்க, இந்தியாவில் மட்டும் இவ்வளவு குறைவது மருந்தால் என்று சொல்ல முடியாது. இந்திய நோயாளிகள் இளையவர்கள். அதோடு, வீட்டிலேயே நடந்த இறப்புக்குக் காரணம் என்ன, லேசான பக்கவாதம் ஆஸ்பத்திரிவரை வந்ததா என்பதைப் பொறுத்தும் இத்தகைய எண்கள் மாறும். ஒரு பதிவேட்டை வைத்து மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு இது வலுவான சான்று இல்லை என்பதே எங்கள் கருத்து.

22. திடீர்னு வாய் கோணிடுச்சு, கை தூக்க முடியல. முதல்ல என்ன செய்யணும்?

108-ஐக் கூப்பிடுங்கள். கடைசியாக அவர் நன்றாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரம்தான். தூக்கத்தில் வந்திருந்தால் எழுந்த நேரம் கணக்கில் வராது, படுக்கப் போன நேரம்தான் கணக்கு. பக்கத்தில் இருக்கும் கிளினிக்குக்குப் போய் நேரத்தை விடாமல், சி.டி. ஸ்கேன் இருக்கும் மருத்துவமனைக்கு நேரே போங்கள்.

மூளையில் கட்டியா கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் தெரியாது. ஆகவே வாயில் ஆஸ்பிரின் போடாதீர்கள், தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். சாப்பிடும் உறையா மாத்திரையின் அட்டையையும் ஐ.என்.ஆர். சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு ஐ.என்.ஆர். 1.7 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் அந்த ஊசி போட முடியும். புது மாத்திரை என்றால் கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று கேட்பார்கள், அதையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.